கடல் பக்கச் சுவர்

ராஜிக் அந்தப் போட்டோவை உறையிலிருந்து எடுத்தபோது, ஏசியிலும் உடையப்பனுக்கு வியர்த்தது.

ராஜிக் இலங்கைக்காரர். கட்டடக்கலை படித்தவர். போட்டோவை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"முழுக் கட்டடமும் படத்தில விழுந்திருக்கு. இப்படி ஒண்டு எங்களுக்குக் கிடைக்கவே இல்ல."

சீதாலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க கல்யாணமே இந்தப் போட்டோவப் பாத்துத்தான் தம்பி."

ஷார்ஜாவில் கடலைப் பார்த்து நிற்கும் ஏழு மாடி அலுவலகம் அது. அன்றைக்குக் கம்யூனிஸ்ட் நாடாக இருந்த பல்கேரியாவிலிருந்து வந்தவர்கள் வரைந்த கட்டடம். பிறகு அந்த ஆட்சி போனது. வரைபடங்களும் போயின. இருபது வருடங்களுக்கு முன்னால் முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடிவிட்டார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல இப்போது ஆளில்லை.

உடையப்பனுக்கே காலையில் அடையாளம் தெரியவில்லை. வாசற்படிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று அடுத்த மாதம் முடிவு செய்கிறார்கள். வைத்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். அதற்காகக் கீழ்த்தளத்தில் ஒரு மேசையைப் போட்டு ராஜிக்கை உட்காரவைத்து, பழைய படம் வைத்திருப்பவர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

ஷார்ஜாவிலேயே முவைலா பகுதியில் இருக்கும் மகள் சந்தியா அதை ஃபோனில் பார்த்தாள். அப்பா வேலை பார்த்த ஆபீஸ் ஆயிற்றே. ஊரிலிருந்து அப்பாவோடு விசிட் விசாவில் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் போட்டோவையும் எடுத்து வரச் சொன்னாள். இன்று இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு டூட்டிக்குப் போயிருந்தாள்.

போட்டோவில் உடையப்பனுக்கு இருபத்தாறு வயது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார்.

சட்டை ரூமில் இருந்த ஒருவனுடையது. டை இன்னொருவனுடையது. அன்று வெள்ளிக்கிழமை, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். நல்ல கட்டடமாகப் பார்த்து, முன்னால் நின்று எடுத்து, ஊருக்கு அனுப்பினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ, மாப்பிள்ளை ஆபீசில் இருக்கிறார் என்றார்கள். உடையப்பன் இல்லை என்று சொல்லவில்லை. பொய் அப்படித்தான் ஆரம்பித்தது.

ராஜிக் ஒரு படிவத்தை எடுத்தார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார்.

"ஐயா எத்தனையாம் மாடியில வேலை செஞ்சீங்க?"

உடையப்பன் லிஃப்டைப் பார்த்தார். அதில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

மூன்று என்று சொல்லிவிடலாம். சரிபார்க்க யாருமில்லை. ஆனால் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் கட்டடம் நிற்பதா விழுவதா என்று பார்க்கப்போகிறார்கள். இதில் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லலாமென்றால் பக்கத்தில் சீதாலட்சுமி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு வருடக் குடித்தனம்.

"அது வந்து…" என்றார்.

"எல்லா மாடியுந்தான்," என்றாள் சீதாலட்சுமி. "வெளிய இருந்து. கண்ணாடி தொடைச்சாக."

உடையப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன முழிக்கிறீக? நாற்காலியில உக்காந்து எழுதுற ஆளுக்கு இடுப்பச் சுத்திக் கயித்துத் தழும்பு எதுக்கு? கல்யாணமான மூணாம் நாளே தெரியும். நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன். சொல்லல. கெடக்குதுன்னு விட்டுட்டேன்." ராஜிக்கைப் பார்த்தாள். "எழுதுங்க தம்பி. தொடைச்சவருன்னே எழுதுங்க."

ராஜிக் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை உடையப்பன் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப நீங்க சுவரைக் கிட்டத்துல பார்த்திருப்பீங்க?"

"ஒரு சாண் தூரத்துல."

"எப்படி இருந்திச்சு?"

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கீழ நின்னு பாத்தா வெறும் சிமெண்டு. சன்னலுக்குச் சன்னல் வெயிலுக்கு மறைப்பா நெட்டுக்குத்தலாக் கான்கிரீட்டுப் பலக. அதுல கடல் பக்கத்துப் பலகயில மட்டும் சிப்பியக் கலந்திருந்தான். பொடிச் சிப்பி, நகத்தளவு. காஞ்சு கெடந்தா தெரியாது. கண்ணாடியக் கழுவுற தண்ணி தெறிச்சா எல்லாம் முழிச்சுக்கும். வெள்ள, ரோசு, ஊதா. அஞ்சு நிமிசந்தான். காஞ்சதும் மறுபடி சிமெண்டாயிரும்."

மேலே மாடிகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"உள்ள உக்காந்திருந்தவுக யாரும் அதப் பாத்திருக்க மாட்டாக. நான் வேணும்னே ஒரு வாளி கூடுதலா ஊத்துவேன். ஃபோர்மேன் தண்ணிக் கணக்குக் கேட்டுக் கத்துவாரு."

ராஜிக் எழுந்துவிட்டார். ஃபோனை எடுத்து, கடல் பக்கத் தகட்டில் ஒன்றைக் கழற்ற ஆள் வேண்டும் என்று யாரிடமோ ஆங்கிலத்தில் சொன்னார். நாளைக்கு இல்லை, இன்றைக்கே என்றார். பேசிக்கொண்டே வெளியே நடந்தார்.

மேசையருகே இருவரும் தனியாக இருந்தார்கள். உடையப்பன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீதாலட்சுமியின் முகம் சிவந்திருந்தது. பொய்க்குக் கோபப்படாதவளுக்கு இப்போதுதான் கோபம் வந்திருந்தது.

"எட்டு வருசம் லெட்டர் போட்டீக," என்றாள். "ஃபைலு, மேனேசரு, ஏசின்னு பக்கம் பக்கமா. இந்தச் சிப்பியப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா?"