யார் மேல் பழி?

“‘என் வக்கீலின் கவனக்குறைவால் கெடு தவறியது.’ இதுக்குக் கீழ கையெழுத்துப் போடு, ஹப்தோம்” என்றார் ஃபெர்கல்.

அடைக்கலம் மறுக்கப்பட்டதை எதிர்த்து டப்ளின் நீதிமன்றத்தில் ஹப்தோம் போட்ட வழக்கு, தாமதத்தால் தள்ளுபடியாகியிருந்தது. அதை மீட்க இந்த மனு ஒன்றே வழி.

“இந்த ஊர்ல எனக்கு முதல்ல சாப்பாடு போட்ட வீடு சார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண மாட்டேன்.”

“தேதிய மறந்தது வக்கீல்தானே?”

“சம்சாரம் ஆஸ்பத்திரில கிடந்தா யாருக்குத்தான் தேதி ஞாபகம் இருக்கும்? இதனால வக்கீல் வேலையே போயிடுமே.”

“வேலை போனா வக்கீல் மீன் பிடிக்கப் போகலாம். எரித்திரியாவுக்குத் திருப்பி அனுப்பினா உனக்கு ஜெயில்தான்.”

ஹப்தோம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டான். “வக்கீல் பேரை மட்டும் எழுத எனக்குக் கை வராது சார்.”

ஃபெர்கல் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.