எங்கள் வீட்டு முகவரியில் ஒருவர்

கஞ்சிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தும் என் மகள் நுஸ்ரா லெப்டொப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திரையில் ஓர் இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். 'வாவிக்காத்து' என்ற பெயரில் விளையாடுகிற ஆளின் ஐபி முகவரி, எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டுவது. அதற்குக் கீழே இன்னோர் இலக்கம். இரண்டும் ஒன்றுதான்.

கீழே இருந்தது எங்கள் வீட்டினுடையது.

வீட்டில் இருப்பது நானும் நுஸ்ராவும் அவளுடைய நாலு வயது மகளும்தான். சின்னது தூங்குகிறது. நான் விளையாடினால் முதல் வெடியிலேயே மௌத்தாகிவிடுவேன். அப்படியென்றால் இது யார்?

நோன்பு மாதத்தில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, பசியை மறக்க எங்கள் பக்கத்துப் பொடியன்மார் எல்லாரும் ஃபோனுக்குள் சுட்டுக்கொண்டு கிடப்பார்கள். அதை எங்கள் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் போட்டியாக்கி நடத்துகிறவள் என் மகள். இன்றைக்கு இறுதி ஆட்டம்.

போன வருடம் போட்டி பாதியில் நின்றுபோனது. கள்ள விளையாட்டு விளையாடியவர்களை வெளியே போட்டால், பொய் ஐபி முகவரியை மாட்டிக்கொண்டு வேறு பெயரில் திரும்பி வந்தார்கள். காலையில் துரத்தப்பட்டவன் பகலில் ஜெர்மனிக்காரன், பின்னேரம் பிரேசில்காரன். கடைசியில் ஆயிரக்கணக்கான பொய் முகவரிகளை ஒரேயடியாக ஏவி, ஆட்டத்தையே விழுத்திவிட்டார்கள்.

இந்த வருடம் நுஸ்ரா ஒரே சட்டம் போட்டாள். எங்கள் பகுதி இணைப்பிலிருந்து வருகிறவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். ஒவ்வொரு முகவரியையும் அவளே பார்த்துத்தான் உள்ளே விட்டாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் லெப்டொப். இதை நான் கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது அந்தக் கள்ளன் எங்கள் வீட்டு முகவரியோடேயே உள்ளே நிற்கிறான்.

வெளியே தெரிந்தால் ஏறாவூர்க்காரர் சும்மா விடுவார்களா? நடத்துகிறவளே கள்ளி என்பார்கள். பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணை நம்பி ஒரு போட்டியைக் கொடுப்பார்கள்?

கண்டவுடனேயே வைஃபை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆளாக இருந்தால் அறுந்து விழுந்திருக்க வேண்டும். இந்த ஆள் அசையவில்லை. அந்த வைஃபையும் ஒரு வைஃபையா! போன மாதம் தோஹாவில் வேலை செய்கிற மருமகன் றமீஸ் அனுப்பிய சாமான்களுக்குள், பால்மா டின்களுக்கு நடுவே, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வந்தது. ரௌட்டரில் கொழுவினால் வேகமாக வரும் என்றார். கொழுவினேன். சின்னவளின் கார்ட்டூன் முன்னைப் போலவே சுற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

"உம்மா, இப்ப ஆளத் தூக்கினா வேற பேர்ல வந்து நிப்பான். ஆரெண்டு தெரியோணும்," என்றாள் நுஸ்ரா.

நோன்பு துறக்கிற மஹ்ரிப் பாங்கு வாவிப் பக்கத்து ஜன்னலால் உள்ளே வந்தது.

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். ஈச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே எல்லாருக்கும் ஒரு கேள்வி அனுப்பினாள். பதில் சொல்கிறவருக்குத்தான் மறுபடி ஆட்டத்தில் இடம் என்றும் சேர்த்துவிட்டாள்.

'எல்லாரும் நோன்பு துறந்திட்டீங்களா?'

எனக்குச் சிரிப்பு வந்தது. கள்ளனைப் பிடிக்கிற கேள்வியா இது?

துறந்தாச்சு என்றான் றுஸ்தி. கஞ்சிக்கு உப்புக் காணாது என்றான் இஷாம். வடிவாகக் குடியுங்க, காத்தான்குடிக்கு இனி அழத் தெம்பு வேணும் என்று ஏறாவூர்ப் பக்கமிருந்து ஒருவன் எழுதினான். ஒவ்வொருவராக எல்லாரும் சொல்லி முடித்தார்கள்.

வாவிக்காத்து மட்டும் எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தது.

பிறகு வந்தது.

'இன்னும் இல்ல.'

நுஸ்ரா கதிரையில் சாய்ந்தாள்.

வேறொரு வீட்டு முகவரிக்குள் ஒளியத் தெரிந்த ஆளுக்கு, ஓம் என்று ஒரு சொல் எழுதத் தெரியாதா? நோன்போடு இருந்துகொண்டு அந்தப் பொய்யை மட்டும் எழுதவில்லை. அந்த ஆள் இருக்கிற இடத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை.

கேட்பதற்கு முன்பே என் மகள் இதைக் கணக்குப் போட்டிருக்கிறாள். கேள்விக்குச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை மெல்ல விழுங்கிக்கொண்டேன்.

காத்தான்குடிப் பக்கத்தில் ஆகக் கூடச் சுட்டது வாவிக்காத்துதான். தூக்கினால் நம் ஊர் தோற்கும். ஒன்றும் பேசாமல் தூக்கலாம், ஒருவருக்கும் தெரியவும் வராது.

அவள் எல்லாருக்கும் எழுதினாள். 'வாவிக்காத்து ஊர்ல இல்ல. வெளிநாட்டுல இருந்து எங்கட வீட்டு இணைப்புக்குள்ளால வந்திரிக்கார். வெளிய போட்டாச்சு.'

முதலில் ஏறாவூர்ப் பக்கமிருந்து கைதட்டுகிற படம் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் திரை நிறையக் கைதட்டல்.

நுஸ்ரா அதைப் பார்க்க நிற்கவில்லை. எழுந்து போய், ரௌட்டரிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்து, அலுமாரியில் தன் உடுப்புகளுக்கு மேலே வைத்தாள்.

"உம்மா, உங்கட மருமகன் தோஹாவுல நோன்பு துறந்திட்டு ஃபோன் எடுப்பார். இந்த வீட்டு அட்ரஸ்ல விளையாட ஆசையெண்டா, இந்த வீட்டுக்கே வந்திருந்து விளையாடச் சொல்லுங்க."