விளிம்புவரை தேநீர்

பிஷ்கெக்கில் எங்கள் அரசுக் கொள்கை ஆய்வு மையத்தின் ஜன்னலில் மார்ச் வெயில் வெளிறிக் கிடக்கிறது. அமைச்சரின் செயலாளர் எர்மெக் எங்கள் அணை அறிக்கையைப் புரட்டுகிறார். அந்த அணைக்காக நாலு கிராமங்கள் காலியாகப் போகின்றன. "மலைப் பனியாறு வத்துது, அணை நிரம்பாதுன்னு எழுதினது யாரு?" எழுதியது நான். "யார் எழுதினா என்ன, கணக்கு சரி" என்கிறார் இயக்குநர் சபிரா. எர்மெக் சிரிக்கிறார். "அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க அக்கா. உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் இப்ப எங்க இருக்கார்னு தெரியும்ல?" சபிரா தேநீர்க் கெண்டியை எடுக்கிறார். அதன் மூக்கு எர்மெக்கின் கிண்ணத்தில் கிடுகிடுவென்று மோதுகிறது. விருந்தாளிக்கு நாங்கள் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். பாதி வந்துவிட்டது. சபிராவின் கை நிற்கவில்லை. தேநீர் விளிம்பில் தளும்பி நிற்கிறது. எர்மெக் கிண்ணத்தையே பார்க்கிறார். "கை நடுங்கிடுச்சா அக்கா?" சபிரா கெண்டியைக் கீழே வைக்கிறார். "நடுங்குதுதான். ஆனா தெரிஞ்சுதான் ஊத்தினேன்."