ஒரே ஒரு காலியிடம்

இடமாறுதல் அதிகாரியின் அறையில், வரிசையில் காத்திருந்த செவிலி தன் முறை வந்ததும் உள்ளே போனாள். அதிகாரியின் பக்கத்தில் தலைமை எழுத்தர் நின்றிருந்தார்.

“சார், கல்யாணமானதிலிருந்து நான் ஒரு ஊர், அவர் ஒரு ஊர். இந்த ஊர் ஆஸ்பத்திரியில ஒரு இடம் காலியா இருக்காமே. அதைக் குடுத்தா நாங்களும் ஒரே கூரைக்குள்ள இருப்போம்.”

“அதை இன்னொரு நர்ஸுக்குக் காலையிலதான் குடுத்தேன்மா. அவங்க வீட்டுக்காரர் இங்க படுத்த படுக்கையாக் கிடக்கார். வாயில தண்ணி ஊத்தக்கூட ஆள் இல்ல.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

“ஊருக்கெல்லாம் இரக்கப்படுறீங்க. உங்க சம்சாரம்னா இப்படித் தனியாத் தவிக்க விடுவீங்களா, சார்?”

“விட்டுட்டுத்தாம்மா இருக்கேன்” என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

அடுத்தவரை அழைக்க எழுத்தர் வெளியே போனார். தராசு பிடிக்கிறவன் தன் பக்கத்துத் தட்டில் விரல் வைக்கக் கூடாது என்பது செவிலிக்கும் தெரியும். தெரிந்ததனால் வலி குறைந்துவிடவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு மேல் கையை நீட்டினாள்.

“போன்ல கேட்டப்போ, ‘எல்லாரையும் போல ஆபீசுக்கு வந்து கேளு’ன்னீங்க. வந்து கேட்டுட்டேன். சாவியைக் குடுங்க. வண்டி சாயங்காலந்தான். அதுவரைக்கும் நம்ம வீட்டுல இருந்துட்டுப் போறேன்.”

அதிகாரி சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.