இன்னும் ஒரு வாய்

கைகால் விளங்காமல் கிடக்கும் கணவர் தணிகாசலத்துக்கு வருடக்கணக்காகக் கஞ்சி ஊட்டியவள் வேதவல்லி. அன்று அவள் கிண்ணத்தோடு வந்தபோது, மகன் வாங்கித் தந்த பராமரிப்பு இயந்திரம் அவருக்கு ஏற்கெனவே ஊட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இன்னும் ஒரு வாய்" என்றது. அச்சு அசலாக அவளுடைய குரல்.

"என் குரல் அதுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"நான்தான் கேட்டேன் வல்லி. வேற யார் சொன்னாலும் எனக்கு உள்ள இறங்கல."

அவளுக்குக் கண் கலங்கியது. கட்டிலில் உட்காரப் போனாள்.

"நீ சலிச்சுக்குவியே, அதை மட்டும் எடுத்துடச் சொன்னேன். நீ போ, அது பாத்துக்கும்."

இயந்திரம் கரண்டியை ஊதி ஆற்றியது. அவர் கெஞ்ச வைக்காமல் வாயைத் திறந்தார்.

வேதவல்லிக்கு நெஞ்சு முட்டப் பெருமூச்சு வந்தது. அதை அவர் காதில் விழாத இடத்தில் விடுவதற்காகக் கிண்ணத்தோடு மொட்டைமாடிக்கு ஏறினாள்.