மணமக்கள் பெயரில் முகவரி

கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்து, மணமக்கள் பெயர்களைச் சேர்த்து, தணிகாசலம் நாற்பது இணைய முகவரிகளை வாங்கிப் போட்டிருந்தார். அந்தத் தம்பதிகளே ஆசையாய் விலைக்குக் கேட்டு வருவார்கள் என்ற நினைப்பு. ஒருவரும் வரவில்லை. புதுப்பிக்க இன்று கடைசி நாள்.

"நளினிபிரபு?" மனைவி புனிதா பட்டியலை வாசித்தாள்.

"விடு." அதை நீக்கினார்.

"அவங்களுக்குப் பிள்ளையே பொறந்தாச்சு. நீங்கதான் இன்னும் பத்திரிகையை வச்சுட்டு உக்காந்திருக்கீங்க."

கடைசிப் பெயரில் அவள் குரல் தயங்கியது. மஞ்சரிமுகிலன். மகள் பெயரும், எட்டு மாதத்துக்கு முன் அவளை விட்டுப் போன மாப்பிள்ளை பெயரும்.

மஞ்சரி அறை வாசலில் நின்றிருந்தாள். "அதை விட்டா வேற யாராச்சும் எடுத்துக்குவாங்களாப்பா?"

"நாப்பதுல ஒண்ணைக்கூட யாரும் கேக்கலையேம்மா."

"அப்ப விட்டுருங்க."

சொன்னவள் நகரவில்லை. மவுஸ்மேல் இருந்த அப்பாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.