மூக்கில் வைக்கும் ஈயம்

"மகன்கிட்டயிருந்து பார்சல் வந்திருக்குன்னு சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?"

கேட்டது பெற்றீசியா. அவள் கணவர் சுவக்கின் அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, முதுகு சாயாமல் கதிரையில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகியும், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்த நிமிர்வு அந்த முதுகை விட்டுப் போகவில்லை.

"திகனயில இருக்கிற சகீனாட மகன் பஸ் ஸ்டாண்டில வச்சுக் கையில திணிச்சிட்டான். நாலு பேர் பார்க்க வேணாம்னு சொல்ல முடியுமா? அதான் கொண்டுவந்தேன். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"வருஷா வருஷம் இதைத்தான் சொல்றீங்க."

"வருஷா வருஷம் அதுதான் நிலைமை."

சகீனாவின் மகனுக்கு டோஹாவில் வேலை. இவர்களுடைய மகன் ரொனியும் அங்கேதான் போனான், விமானங்களுக்கு வர்ணம் பூச. அதற்கு முன் அவன் குருமடத்தில் இருந்தவன். "எங்க குடும்பத்தில ஒரு சாமியார் வரப்போறார்" என்று கோயில் வாசலில் சுவக்கின் சொல்லாத ஆளில்லை. குருப்பட்டத்துக்கு நாள் நெருங்கும்போது பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றான் மகன். "எனக்கு அந்த அழைப்பு இல்லப்பா" என்றான்.

"அப்ப உனக்கு இந்த வீடும் இல்ல. போனும் எடுக்காத, கடிதமும் போடாத" என்றார் சுவக்கின்.

ரோசத்தில் அவனும் அப்பனுக்குச் சளைத்தவனில்லை. எடுக்கவில்லை, எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே மாடல் விமானம் செய்கிற கை அவனுக்கு. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறப்பு நாளையொட்டி, அவன் செய்த ஒரு விமானம் மட்டும் வரும். முன்பெல்லாம் சகீனாவே வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவாள். இப்போது சுவக்கின் கைக்குத்தான் வந்து சேர்கிறது.

பெற்றீசியா கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை நிறத்தில் பிளாஸ்டிக் பயணிகள் விமானம். வாலில் சிவப்புக் கோடு.

"பெயின்ட் மணம் இன்னும் போகல்ல."

"பெட்டிக்குள்ள அடைச்சு வச்சா அப்படித்தான்."

"உங்க சட்டையிலயும் அதே மணம்."

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கடுகண்ணாவைக்கு எதுக்குப் போறேன்? கூட்டாளி ராஜரத்தினம் வீட்டில மாதா சுரூபம் வைக்கிற கெபிக்குப் பெயின்ட் அடிக்கிறோம்னு எத்தனை தடவை சொல்றது?"

"கெபி முடிஞ்சபாடில்ல போல" என்று சொல்லிக்கொண்டே அவள் விமானத்தை மேசையில் நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை. வால் மேசையில் இடித்து, மூக்கு கூரையைப் பார்த்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் வாலில் குந்திக்கொண்டது.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. எதிரே இருந்த மலையைக் காணவில்லை.

"ரொனி ஒரு நாளும் இப்படி விட்டதில்ல" என்றாள் பெற்றீசியா மெதுவாக. "முன்சில்லு வச்ச பிளேன்னா, ரெண்டு பாதியையும் ஒட்டுறதுக்கு முந்தி, வாலில குந்தாம இருக்க மூக்குக்குள்ள ஈயம் வைப்பான். தூண்டில்ல கட்டுற ஈயக்குண்டு. பசை காயிற வரைக்கும் நான்தான் உடுப்புக் கிளிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்."

சுவக்கின் தொண்டையைச் செருமினார். "அவசரத்தில மறந்திருப்பான்."

"மறந்திருப்பான்தான். போன வருஷம் வந்தது பல்சாங்கிற லேசான பலகையில செஞ்ச பழைய காலத்துப் பிளேன். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். அதுக வாலை ஊண்டித்தான் நிக்கும், ஈயம் தேவைப்படல்ல."

"இப்ப என்ன, கோர்ட்டா நடக்குது? கொண்டுபோய் அலுமாரியில வை."

அவள் நகரவில்லை. அவருடைய கட்டைவிரலில் பசை ஒட்டித் தோல் உரிந்து வெளிறிக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அவர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனைப் பத்தி உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை. உங்க மரியாதை ஒண்ணும் குறைஞ்சிடாது."

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

"இந்த நத்தாருக்கும் இல்லையா?"

"இல்ல."

"கல்லுங்க நீங்க."

"கல்லாவே இருந்திட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவர் மழையைப் பார்த்தார். தான் வாயைத் திறந்தால் இந்த வீடு தாங்காது என்பது அவருக்குத் தெரியும். வீட்டைத் தாங்குவது தன் முதுகுதான் என்று நம்பி வாழ்ந்தவர் அவர்.

பெற்றீசியா எழுந்து அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தனியே இருந்த சுவக்கின், விமானத்தின் மூக்கை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். சக்கரச் சில்லுகள் மூன்றும் மேசையில் படிந்தன. விரலை எடுத்ததும் மூக்கு மேலே போய்விட்டது. மறுபடி அழுத்தினார். இந்த முறை விரலை எடுக்க மனம் வரவில்லை.

அவள் திரும்பி வந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. பழைய தையல் டின் ஒன்று அவர் முன்னால் வந்து அமர்ந்தது. உள்ளே ஏதோ கனமாக உருண்டது. மூடியைத் திறந்தாள். ரொனி மிச்சம் வைத்துப்போன ஈயக்குண்டுகள்.

"அடுத்த வருஷம் நீங்க ஒட்டுறதுக்கு முந்தி இதை மறக்காம உள்ள வச்சிடுங்க" என்றாள் பெற்றீசியா. "ரெண்டு வருஷத்துக்கு முந்தியே சகீனா வந்து, ரொனி இனி இல்லன்னு என் கையைப் பிடிச்சு அழுதிட்டுப் போயிட்டா. நீங்க மறைச்சது மறைச்சதாவே இருக்கட்டும்னு, பூசையை நம்ம கோயில்ல கொடுக்காம திகனப் பக்கத்துக் கோயில்ல கொடுத்திருக்கேன். நாளைக்கு ரொனிட ஆத்துமாவுக்குப் பூசை, இந்த முறையாவது என் பக்கத்துல வந்து முழந்தாள்போடுங்க."